பிள்ளை எந்த மாநிலம் என்றும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கல்விப் பக்கத்தில் அமெரிக்க அரசுப் பல்கலைக்கழகங்களைப் பற்றி வந்த கட்டுரையை விருதுநகரிலிருந்து என் அப்பா போனில் படமெடுத்து அனுப்பியிருந்தார். அதில் இருந்த அட்டவணையைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். பல்கலைக்கழகத்தின் பெயர், ஆண்டுக் கட்டணம், சேர்க்கை விகிதம் என்று மூன்று விவரம். அதற்குக் கீழே, தனியார் பல்கலைக்கழகங்களைவிட அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பது எளிது என்று ஒரு வரி. அந்த வரியைப் பற்றியும், அட்டவணையில் இல்லாமல்போன நான்காவது விவரத்தைப் பற்றியும்தான் எழுதுகிறேன். கடிதம் நீளமாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டெக்சாஸ் மாநிலத்தில், டாலஸ் நகரத்துக்கு வடக்கே குடியிருக்கிறேன். மகள் போன வருடம் கல்லூரி சேர்ந்தாள். மகன் பதினோராம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளியில் பாடம் எடுக்கிறேன். அதனால் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் என் வீட்டுக் கதை மட்டுமல்ல, பத்துப் பதினைந்து வீட்டுக் கதைகள் என் காதுக்கு வந்துவிடும். வகுப்பு முடிந்து பிள்ளைகள் காரில் ஏறிய பிறகும் பெற்றோர் வாசலில் நின்று பேசுவது இது ஒன்றைத்தான்.

முதலில் அடிப்படை விஷயம். அமெரிக்காவில் ராணுவ அகாடமிகள் போன்ற சிலவற்றை விட்டுவிட்டால், மத்திய அரசு நடத்தும் பல்கலைக்கழகம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பெர்க்லி (கலிபோர்னியா), மிச்சிகன், ஆஸ்டின் (டெக்சாஸ்), சேப்பல் ஹில் (வட கரோலினா) என்று உங்கள் அட்டவணையில் இருக்கும் எல்லாமே அந்தந்த மாநிலத்தின் சொத்து. அந்த மாநிலத்து மக்கள் வரி கட்டி வளர்த்தவை. அதனால் வாசலில் இரண்டு வரிசை. ஒன்று மாநிலத்துப் பிள்ளைகளுக்கு, இன்னொன்று வெளி மாநிலத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்களுக்கு. இரண்டுக்கும் சேர்த்து ஒரே சேர்க்கை விகிதம் போட்டால் அது இரண்டு வரிசைக்காரர்களுக்கும் பொருந்தாது.

வட கரோலினாவின் சேப்பல் ஹில்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த மாநிலத்தின் பல்கலைக்கழக ஆட்சிக் குழு 1986இல் ஒரு விதி போட்டது: முதலாம் ஆண்டு சேரும் மாணவர்களில் வெளி மாநிலத்தவர் 18 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சமீப ஆண்டுகளின் கணக்கைப் பார்த்தால், விண்ணப்பிக்கும் வட கரோலினாப் பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவுக்கு இடம் கிடைக்கிறது. வெளி மாநிலத்திலிருந்து விண்ணப்பிப்பவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்குக்கூடக் கிடைப்பதில்லை. இரண்டையும் கலந்து ஒரு எண்ணைப் போட்டால், அதைப் பார்த்துவிட்டு டெக்சாஸில் இருக்கும் பிள்ளை 'நமக்கு வாய்ப்பு இருக்கிறது' என்று நினைக்கும். அந்தப் பிள்ளைக்கு இருக்கும் வாய்ப்பு அந்த எண்ணில் பாதிகூட இல்லை.

போன வருடம் மார்ச் மாதக் கடைசியில் என் மகளுக்கு முடிவுகள் வந்துகொண்டிருந்தன. மேற்குக் கடற்கரையில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தின் பதில் ஒரு மாலை நேரத்தில் வந்தது. சமையலறை மேடையில் லேப்டாப்பைத் திறந்து வைத்து, திரையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தினாள். 'வருந்துகிறோம்' என்று தொடங்கும் கடிதம். அதைக் கடைசி வரி வரைக்கும் நிதானமாகப் படித்தாள். லேப்டாப்பை மூடினாள். 'நாலு கட்டுரை எழுதினேம்மா, அதுல எது சரியில்லைன்னு சொல்லியிருக்கலாம்ல' என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. அந்தக் கட்டுரைகளில் ஒன்று அவளுடைய ஆச்சியைப் பற்றியது. செப்டம்பர் முழுக்க அதைத் திருத்தித் திருத்தி எழுதியவள் அவள்.

மறுநாள் அப்பா போன் செய்தார். 'ஏம்மா, கவர்மென்ட் காலேஜ்லகூடவா பாப்பாவுக்குக் கிடைக்கல?' என்று கேட்டார். குறை சொல்லும் குரல் இல்லை. பேத்திக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா, பரீட்சையில் ஏதாவது நடந்துவிட்டதா என்ற கவலைதான். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இரண்டு வரிசை விஷயத்தைச் சொன்னேன். அப்பா ரயில்வேயில் முன்பதிவு கவுன்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு நிமிடம் பேசாமல் இருந்துவிட்டு, 'அப்போ கோட்டா மாதிரியா? வண்டி ஒண்ணுதான், ஏறுற ஸ்டேஷனுக்குத் தக்கபடி சீட்டு' என்றார். அதேதான் அப்பா என்றேன். 'இதை யாரும் எழுதலையே' என்றார். அவர் படித்துக்கொண்டிருந்தது உங்கள் பத்திரிகை. அதனால்தான் இந்தக் கடிதமும் உங்களுக்கே வருகிறது.

பொறியியல் சேர்க்கை பார்த்த வீடுகளுக்கு இது புதிதாகவே இருக்காது. திருச்சி என்ஐடியில் பாதி இடம் தமிழ்நாட்டுக்கு, பாதி மற்ற மாநிலங்களுக்கு. பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் முடித்தார்கள் என்பதை வைத்து அது தீர்மானமாகிறது. அங்கே ஜோசா (ஐஐடி, என்ஐடி இடங்களை ஒதுக்கும் அமைப்பு) கவுன்சலிங் முடிந்ததும் கடைசி ரேங்க் என்ன என்று இரண்டு ஒதுக்கீட்டுக்கும் தனித்தனியே போடுகிறார்கள். அந்தப் பட்டியலை நீங்களும் தனித்தனியாகத்தான் அச்சிடுவீர்கள். அமெரிக்காவுக்கு மட்டும் ஏன் ஒரே எண்?

மாநிலத்துக்கு மாநிலம் இது எவ்வளவு மாறுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் 2008 பொருளாதாரச் சரிவுக்குப் பிறகு மாநில அரசு கொடுக்கும் பணம் குறைந்தது. பல வளாகங்கள் கொண்ட கலிபோர்னியா பல்கலைக்கழகம் வெளி மாநிலத்தவரை அதிகமாகச் சேர்க்க ஆரம்பித்தது, அவர்கள் முழுக் கட்டணமும் கட்டுவார்கள் என்பதால். சொந்த மாநிலத்துப் பெற்றோர் கொதித்தார்கள். 2016இல் மாநிலத் தணிக்கையாளரே, இதனால் கலிபோர்னியாப் பிள்ளைகளுக்குப் பாதிப்பு என்று அறிக்கை கொடுத்தார். 2017இல் ஆட்சிக் குழு வரம்பு வைத்தது. பெரும்பாலான வளாகங்களுக்கு 18 சதவீதம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ, இர்வைன் நான்கும் ஏற்கெனவே அதைத் தாண்டியிருந்ததால், அப்போது இருந்த அளவுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். பிறகு 2021இல் மாநில அரசு தனியாகப் பணம் ஒதுக்கி, பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ மூன்றையும் படிப்படியாக 18க்குக் கொண்டுவரச் சொன்னது. அதாவது, 2021க்குப் பிறகு அங்கே வெளி மாநில இடங்களைக் குறைத்துவந்திருக்கிறார்கள். பெரியப்பா மகன் 2014இல் போனான், அதே மதிப்பெண்ணில் இவள் ஏன் போகவில்லை என்று ஒப்பிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். குறைந்தபட்ச ஜிபிஏ (மதிப்பெண் சராசரி)கூட அங்கே இருவருக்கும் ஒன்றல்ல. கலிபோர்னியாப் பிள்ளைக்கு 3.0, வெளி மாநிலப் பிள்ளைக்கு 3.4.

புளோரிடாவில் மாநிலப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் சேர்ந்து 10 சதவீதம்தான் வெளி மாநிலத்தவர் என்று வரம்பு. விர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் மூன்றில் இரண்டு பங்கு அந்த மாநிலத்தவர். மிச்சிகன் நேர்மாறு, ஏறக்குறைய பாதிப் பேர் வெளியிலிருந்து வருகிறார்கள். கட்டணமும் அதற்குத் தக்கபடிதான்: மிச்சிகனில் வெளி மாநிலத்தவருக்கு வருடப் படிப்புக் கட்டணம் மட்டுமே 60,000 டாலரைத் தாண்டிவிட்டது. பாடத்துக்குப் பாடமும் இது மாறும். சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் கணினித் துறை, உள்மாநிலப் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை என்று வெளிப்படையாகவே எழுதிவைத்திருக்கிறது. ஆனாலும் எங்கள் ஊரிலிருந்து ஒவ்வொரு வருடமும் பிள்ளைகள் அந்தத் துறைக்கு விண்ணப்பிக்கிறார்கள், பல்கலைக்கழகத்தின் மொத்தச் சேர்க்கை விகிதத்தைப் பார்த்துவிட்டு.

டெக்சாஸில் இருந்துகொண்டு வெளி மாநிலத்துக்கு ஏன் ஓடுகிறீர்கள் என்று கேட்பீர்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. 1996இல் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஹாப்வுட் வழக்கில் தீர்ப்பு வந்தது. அதற்கு மறு வருடம் டெக்சாஸ் சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது: மாநிலத்தின் எந்தப் பள்ளியானாலும் சரி, வகுப்பில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தால் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இடம் உறுதி. பருத்தி விளையும் மேற்கு டெக்சாஸ் கிராமத்துப் பிள்ளைக்கும், ரியோ கிராண்டே பள்ளத்தாக்கில் இருக்கும் ஏழைப் பிள்ளைக்கும் ஆஸ்டினின் கதவைத் திறந்துவிட்ட சட்டம் அது. நான் அதை மனதார ஆதரிக்கிறேன். பிறகு ஆஸ்டினில் மட்டும் கூட்டம் தாங்காமல், 2009இல் சட்டத்தைத் திருத்தினார்கள். டெக்சாஸ்காரர்களுக்கான இடங்களில் 75 சதவீதத்தை இந்த வழியில் நிரப்பினால் போதும் என்றார்கள். மொத்த இடத்தில் 90 சதவீதம் டெக்சாஸ்காரர்களுக்கு. இதனால் ஆஸ்டினின் கோடு 10லிருந்து இறங்கி இறங்கி 6க்கு வந்தது. 2026 சேர்க்கையிலிருந்து அது 5.

என் மகளின் வகுப்பில் 640 பேர். ஆறு சதவீதம் என்றால் 38ஆம் இடத்தோடு கோடு முடிந்துவிடும். அவள் 47ஆவது. எல்லாப் பாடத்தையும் ஏபி என்ற உயர்நிலையில் எடுத்துப் படித்தவள். எங்கள் பக்கத்துப் பள்ளிகளில் முதல் நூறு பேருக்குள் வித்தியாசம் தசமப் புள்ளிக்கு அப்புறம் மூன்றாவது இலக்கத்தில்தான் இருக்கும். தமிழ், தெலுங்கு, சீன, கொரிய வீட்டுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் அந்த மூன்றாவது இலக்கத்தில் முந்தப் பார்க்கிறார்கள். பிடித்த ஓவிய வகுப்பை என் மகளின் தோழி கைவிட்டாள், அதற்கு ரேங்க் கணக்கில் எடை குறைவு என்று. இந்த வருடம் என் மகனுக்கு அதே பள்ளியில் அந்தக் கோடு 32இல் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டுக்கு வெளியே நிற்கிற அத்தனை பேரும் அடுத்து என்ன செய்கிறார்கள்? வெளி மாநிலங்களைப் பார்க்கிறார்கள். ஜார்ஜியாவில் இருப்பவர்களும் வாஷிங்டன் மாநிலத்தில் இருப்பவர்களும் அவரவர் மாநிலத்து முதன்மைப் பல்கலைக்கழகம் நெருக்கடி என்று இந்தப் பக்கம் பார்க்கிறார்கள். எல்லோரும் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டுகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் வெளியாளுக்கு வைத்திருக்கும் இடம் கொஞ்சம்.

அதற்கு மேல் விளம்பரம். பிஎஸ்ஏடி (எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வுக்கு முன்னோட்டம்) பரீட்சை எழுதிய பிறகு வீட்டுத் தபால் பெட்டியில் பளபளப்பான அட்டைகள் வரத் தொடங்கும். பிள்ளையின் முதல் பெயரைச் சொல்லி, 'நீ இங்கே பொருந்துவாய் என்று நினைக்கிறோம்' என்று அச்சிட்டிருக்கும். பரீட்சை நடத்தும் நிறுவனத்திடம் கட்டணம் கொடுத்துப் பெயர் முகவரி வாங்கி அனுப்புகிறார்கள். அரசுப் பல்கலைக்கழகங்களும் அனுப்புகின்றன. அந்த அட்டையில் வெளி மாநிலத்தவருக்கு எத்தனை இடம் என்று நான் இதுவரை பார்த்ததில்லை. பதினாறு வயதுப் பிள்ளை அதை அழைப்பு என்றே எடுத்துக்கொள்ளும். என் மகள் அந்த அட்டைகளைத் தூக்கிப்போட மனமில்லாமல் ஒரு ஷூ பெட்டியில் சேர்த்து வைத்திருந்தாள். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் எழுபது, எண்பது டாலர். பணம்கூடப் போகட்டும். கலிபோர்னியாவின் விண்ணப்பம் ஒன்றுக்கே 350 வார்த்தையில் நான்கு பதில்கள் எழுத வேண்டும். எஸ்ஏடி மதிப்பெண்ணை அவர்கள் பார்ப்பதேயில்லை. ஆஸ்டின் மறுபடியும் எஸ்ஏடியோ அதற்கு இணையான ஏசிடி தேர்வோ கட்டாயம் என்றுவிட்டது. ஒரே பிள்ளை ஒரே இலையுதிர் காலத்தில் இத்தனை விதமாகத் தன்னை நிரூபிக்க வேண்டியிருக்கிறது. தூங்காமல் கண் வீங்கிப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை ஞாயிறு வகுப்பில் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

கட்டணம் பற்றி உங்கள் கட்டுரையில் இருந்ததும் முழுமையில்லை. நீங்கள் போட்டிருந்தது உள்மாநிலக் கட்டணம். ஆஸ்டினில் டெக்சாஸ் பிள்ளைக்கு வருடப் படிப்புக் கட்டணம் 12,000 டாலர் அளவில் என்றால், வெளியிலிருந்து வருகிறவர் அதைப்போல மூன்று மடங்குக்கும் மேலே கட்ட வேண்டும். கலிபோர்னியாவில் சாதாரணக் கட்டணத்தின் மேல் வெளி மாநிலத்தவர் என்பதற்காகவே தனியாக ஒரு தொகை இருக்கிறது. 2025இல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அது மட்டும் 37,602 டாலர். தங்குவதும் சாப்பாடும் இதில் சேராது. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுக்கும் பல்கலைக்கழக உதவித்தொகையையும் புதிதாக வரும் வெளி மாநிலப் பிள்ளைகளுக்கு 2016 முதல் நிறுத்திவிட்டார்கள். ஆக, இடம் கிடைத்த வீட்டிலும் சந்தோஷம் ஒரு இரவுதான். மறுநாள் காலையில் அப்பாவும் அம்மாவும் கதவைச் சாத்திக்கொண்டு கணக்குப் போடுவார்கள். கிடைத்தும் போக முடியாத பிள்ளையின் வருத்தத்தை நான் பார்த்திருக்கிறேன். கிடைக்காத பிள்ளையின் வருத்தத்தைவிட அது பெரியது.

வெளி மாநிலத்தவரைக் கைநீட்டி அழைக்கும் இடங்களும் உண்டு, அவற்றை நம்மவர்கள் கவனிப்பதே இல்லை. அலபாமா பல்கலைக்கழகத்தில் பாதிக்கு மேல் வெளி மாநிலத்தவர். இவ்வளவு ஜிபிஏ, இவ்வளவு எஸ்ஏடி இருந்தால் இவ்வளவு உதவித்தொகை என்று அட்டவணையே போட்டிருக்கிறார்கள். ஆர்கன்சா பல்கலைக்கழகம் டெக்சாஸ் போன்ற பக்கத்து மாநிலப் பிள்ளைகளுக்கு, தகுதி இருந்தால், கட்டண வித்தியாசத்தில் பெரும்பகுதியைத் தள்ளிவிடுகிறது. மேற்கு மாநிலங்கள் சேர்ந்து ஒரு பரிமாற்றத் திட்டம் வைத்திருக்கின்றன. கலிபோர்னியா, அரிசோனா, நெவாடா, கொலராடோ எல்லாம் அதில் உண்டு. அதில் சேர்ந்த பல்கலைக்கழகங்களில் உள்மாநிலக் கட்டணத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் வாங்க மாட்டார்கள். டெக்சாஸ் அதில் இல்லை. மினசோட்டாவும் விஸ்கான்சினும் தங்களுக்குள் தனி ஒப்பந்தமே வைத்திருக்கின்றன. இவையெல்லாம் உங்கள் பக்கத்தில் ஒரு கட்டமாக வந்தால் எத்தனையோ வீடுகளுக்கு உதவும். பெர்க்லி என்ற பெயரை எழுதுவதைவிடக் கூடுதலாகவே உதவும்.

இன்னொன்றையும் எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. தமிழ்ப் பள்ளியில் என்னிடம் படித்த ஒரு பையன், அவனுடைய பள்ளியில் முதல் ஆறு சதவீதத்துக்குள் இருந்தான். ஆஸ்டினில் அவனுக்கு இடம் உறுதி. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிய சமயத்தில் அவன் அப்பாவுக்கு வேலை போனது. எச்1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு நிறுவனம் விசாவை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டும். வேலை கிடைத்தது, கலிபோர்னியாவில். அக்டோபரில் குடும்பம் மொத்தமாக இடம்பெயர்ந்தது. டெக்சாஸ் பள்ளியில் படிப்பை முடிக்காததால் அந்த ஆறு சதவீதச் சலுகை போனது. பெற்றோர் டெக்சாஸில் இல்லாததால் உள்மாநிலத்தவன் என்பதும் கேள்விக்குறியானது. கலிபோர்னியாவிலோ ஒரு வருடத்துக்கு மேல் குடியிருந்திருக்க வேண்டும், அதாவது 366 நாள். அக்டோபரில் போனவனுக்கு அடுத்த ஆகஸ்ட்டில் அது எப்படி நிறையும்? இரண்டு மாநிலத்திலும் அவன் வெளியாள். பன்னிரண்டு வருடம் அவன் படித்த படிப்பில் எந்தக் குறையும் இல்லை.

குடியிருப்பு நிலையை நிரந்தரமாக முத்திரை குத்திவிட முடியாது என்று 1973லேயே அமெரிக்க உச்ச நீதிமன்றம் கனெக்டிகட் மாநிலத்தின் சட்டம் ஒன்றைச் செல்லாது என்று சொல்லியிருக்கிறது. அதனால் வருடம் நிறைந்ததும் கட்டணத்துக்கு மறுபடி விண்ணப்பிக்கும் வழி அந்தக் குடும்பத்துக்கு இருந்தது. ஆனால் சேர்க்கை முடிவு அதற்கு முன்பே வந்துவிட்டது. எச்1பி வைத்திருப்பவரின் குடும்பத்துக்குக் கிடைக்கும் எச்4 விசாவில் இருக்கும் பிள்ளைகள் பல மாநிலங்களில் உள்மாநிலக் கட்டணத்தில் படிக்கலாம் என்பது நல்ல விஷயம். ஆனால் மத்திய அரசின் கல்விக் கடனோ உதவித்தொகையோ அவர்களுக்கு இல்லை. இந்தியர்களுக்குக் கிரீன் கார்டு வரிசை நீண்டுகொண்டே போவதால், பிள்ளைக்கு 21 வயது ஆகும்போது எச்4 முடிந்துவிடும். மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். அப்போது பல இடங்களில் மூன்றாம் வருடத்திலோ நான்காம் வருடத்திலோ கட்டணம் வெளிநாட்டு மாணவர் கணக்குக்கு ஏறிவிடும். மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்த பிள்ளை அது. அமெரிக்காவில் மகனோ மகளோ இருக்கும் உங்கள் வாசகர்கள் பேரன் பேத்தியின் மதிப்பெண்ணை மட்டும் கேட்கிறார்கள். விசா என்ன, எத்தனை வருடமாக அந்த மாநிலத்தில் இருக்கிறார்கள் என்பதும் அந்தப் பிள்ளையின் படிப்பைத் தீர்மானிக்கிறது.

என் மகள் இப்போது டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கிறாள். முதல் 10 சதவீதத்துக்குள் இருந்ததால் சட்டப்படி அவளுக்கு அங்கே இடம் இருந்தது, முதல் நாளிலிருந்தே. உள்மாநிலக் கட்டணம். கார் எடுத்தால் மூன்று மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் மார்ச்சிலும் ஏப்ரலிலும் போன் செய்த உறவினர்கள் யாரும் அந்த இடத்தை ஒரு இடமாகவே எண்ணவில்லை. 'வேற எங்க கிடைச்சிருக்கு?' என்றுதான் கேட்டார்கள். அவள் பதில் சொல்லச் சொல்லக் குரல் தேய்ந்துகொண்டே போனது. பதினேழு வயதுப் பெண் உழைத்துச் சம்பாதித்த ஒன்றைச் சொல்லவே கூசும்படி ஆகிவிட்டது, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 1876இல் வகுப்புகளைத் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. டெக்சாஸின் முதல் அரசு உயர்கல்வி நிறுவனம்.

மாநிலங்கள் தங்கள் பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்குவது தவறு என்று நான் சொல்லவில்லை. டெக்சாஸில் வரி கட்டுகிறேன், ஆஸ்டினில் 90 சதவீதம் டெக்சாஸ் பிள்ளைகளுக்கு என்பதில் எனக்கு நிம்மதிதான். கலிபோர்னியாக்காரருக்கும் அதே நியாயம் உண்டு. விதி எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதைத்தான் கேட்கிறேன். அமெரிக்கச் சேர்க்கைக்கு வழிகாட்டுகிறோம் என்று சென்னையிலும் இங்கேயும் ஆயிரக்கணக்கில் பணம் வாங்கும் ஆலோசகர்கள் பலர், பிள்ளை எந்த மாநிலத்தில் எத்தனை வருடமாக இருக்கிறது என்று முதல் சந்திப்பில் கேட்பதே இல்லை என்று பெற்றோர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

உங்களிடம் என் வேண்டுகோள் இவ்வளவுதான். அடுத்த முறை அந்த அட்டவணையைப் போடும்போது சேர்க்கை விகிதத்தை இரண்டாகப் பிரித்துப் போடுங்கள், கட்டணத்தையும் அப்படியே. விவரம் தேடி அலைய வேண்டியதில்லை. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் 'காமன் டேட்டா செட்' என்ற பெயரில் ஆண்டுதோறும் ஒரு ஆவணம் வெளியிடுகின்றன. எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது என்பது அதில் இருக்கும். உள்மாநிலம், வெளி மாநிலம் என்று பல இடங்களில் பிரித்தே கொடுத்திருப்பார்கள். ஏப்ரல் மாதத்தில் நீங்கள் 'அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்த தமிழ்ப் பிள்ளை' என்று படம் போட்டுச் செய்தி வெளியிடும்போது, அந்தப் பிள்ளை எந்த மாநிலத்தில் வளர்ந்தது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சான் ஹோசேயில் வளர்ந்த பிள்ளைக்குப் பெர்க்லி கிடைத்தால் அது நல்ல சாதனைதான், மனதாரப் பாராட்டுவோம். ஆனால் அதே செய்தியைக் காட்டி ஒஹையோவிலோ டெக்சாஸிலோ இருக்கும் பிள்ளையிடம் 'உனக்கு ஏன் கிடைக்கவில்லை' என்று யாரும் கேட்காமல் இருக்க அந்த ஒரு வரி உதவும்.

இந்த நவம்பரில் விண்ணப்பம் போடப்போகும் பிள்ளைகள் இப்போதே பட்டியல் தயார் செய்துகொண்டிருக்கிறார்கள். செப்டம்பருக்கு முன்பு வெளியிட்டால் அவர்களுக்குப் பயன்படும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
டாலஸ் வடக்கு, டெக்சாஸ்